மில் நின்றபோது

மாவு மில்லுக்குப் பின்னாலேயே வீடு. அந்த இரைச்சலில் அப்பா, அம்மா, ஆறு வயது மகள் மூவரும் வாயசைவையும் கைச்சாடையையும் பார்த்தே பேசிப் பழகியிருந்தார்கள். மகளுக்கு வந்த நிமோனியா, கிருமி மூளைச்சவ்வு வரை பரவி, அவளைப் பாடாய்ப்படுத்திவிட்டுத்தான் போனது. காதைச் சோதிக்கக் கூட்டி வரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

“இவ்வளவு சத்தத்துலயும் நான் சொல்றத பட்டுனு புரிஞ்சுக்கிறா. காதுக்கு என்ன கேடு?” என்று அம்மா தட்டிக்கழித்துவந்தாள்.

இன்று மதியம் கரண்ட் போய் மில் நின்றது. மகள் வாசலைப் பார்த்து உட்கார்ந்து மாவுப் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“வாலு, கொஞ்சம் தண்ணி கொண்டா,” என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள் அம்மா. பதிலில்லை.

“திமிரைப் பாரு,” என்று கையிலிருந்த தகர டப்பாவைத் தரையில் ஓங்கிப் போட்டாள். அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். தெருவில் போனவர்கூட எட்டிப் பார்த்தார். மகள் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா மெல்ல எதிரே போய் நின்றாள். நிமிர்ந்து பார்த்த மகள், அந்த நிசப்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாள்:

“என்னம்மா கேட்ட? மில்லு சத்தத்துல ஒண்ணும் கேக்கல.”