பலராமன் இடத்தில் உட்கார்ந்தவள்

கீழ்பென்னாத்தூர் கல்யாண வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பந்தலுக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயில் எங்கோ ஓட்டை. பெண்கள் வரிசையில் ஒரு பெரியம்மாவின் தலையில் சொட்டுச் சொட்டாக விழ, அந்த அம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசைக் கடைசிக்குப் போய்விட்டாள். காலியான இடத்தில் மணப்பெண்ணின் குட்டித் தங்கை வந்து உட்கார்ந்தாள். மழை சொட்டுவது அவளுக்கு விளையாட்டாக இருந்தது.

பெரியம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. தனக்கு இனிப்பு வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தாள். அல்வாக் குண்டானோடு வந்த பெண் இடத்தை நினைவில் வைத்திருந்தாளே தவிர ஆளைப் பார்க்கவில்லை. சிறுமியைத் தாண்டிப் போனாள். வரிசைக் கடைசியில் பெரியம்மாவின் தட்டில் இரண்டு கரண்டி அல்வா தாராளமாக விழுந்தது. குட்டி உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தது. பந்தியே சிரித்தது.

கைசர் ஜஹானுக்கு மட்டும் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. ஆபீசில் தான் எழுதி வைத்த புரோகிராமும் இப்படித்தானே என்று அவளுக்குச் சுருக்கென்றது. இடத்தைப் பார்க்கும், ஆளைப் பார்க்காது. மழை இங்கே பெய்தால் திருவண்ணாமலையிலும் பெய்யும். அங்கே பெய்தால் ஆபீஸ் கூரை ஒழுகும். ஒழுகினால், கூட வேலை பார்க்கும் சரசு கதவோரத்துத் தன் இடத்தில் உட்கார மாட்டாள்.

கைசருக்குப் பத்தொன்பது வயது. திருவூடல் தெருவில் ஒரு பித்தளைப் பாத்திரக் கடையின் மாடியில், பரசுராமன் என்பவர் நடத்திய கம்ப்யூட்டர் ஆபீசில் டைப் அடிக்கச் சேர்ந்தவள், நாளடைவில் புரோகிராம் எழுதவும் பழகியிருந்தாள். பெரிய மெஷின் ஒன்று, அதிலிருந்து வயர் இழுத்து ஐந்து மேஜைகளில் ஐந்து டெர்மினல்கள். மெஷின் வந்த அன்று பரசுராமன் பூஜை போட்டுக் கற்பூரம் காட்டினார். உள்ளே நுழைவதற்கு ‘அண்ணாமலை’ என்று சாமி பெயரையே வைத்தார். அன்றிலிருந்து ஐந்து பேரும் காலையில் அந்த ஒரே பெயரை அடித்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

எழுதிய புரோகிராம்களை மெஷினுக்குள் ஒரு பெட்டியில் பூட்டி வைப்பதுபோல் வைத்திருந்தார்கள். திருத்த வேண்டியவர் ஒரு பிரதியை வெளியே எடுக்க வேண்டும். அவர் எடுத்து வைத்திருக்கும்வரை மற்றவர் தொடக்கூடாது. திருத்தி முடித்துத் திரும்ப வைத்தால், பழையதும் புதியதும் பெட்டியில் பத்திரமாக இருக்கும். இதைச் செய்வதற்கான கட்டளைகளை ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதி வைத்திருந்ததால் தினம் ஒரு சண்டை. பொதுவான சமாச்சாரத்தையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வை, எல்லாரும் அதையே கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்று பரசுராமன் கைசரிடம் சொன்னார். சொன்னது அவளிடம் என்பதில் கூட வேலை பார்த்த பலராமனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அவள் மூன்று துண்டுகளை எழுதினாள். தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் அடித்துப் பெயர் வைத்தாள். ‘எடு’ பெட்டியிலிருந்து எடுக்கும். ‘வை’ திரும்ப வைக்கும். ‘யார்’ கேட்பது எந்த ஆள் என்று கண்டுபிடித்துச் சொல்லும். மற்ற இரண்டும் ‘யார்’ சொல்வதை நம்பித்தான் வேலை செய்யும்.

இடித்தது அந்த ‘யார்’தான். மெஷினுக்கு ஐந்து பேரும் ஒரே ஆள், அண்ணாமலை. ஆளுக்கொரு பெயர் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் சாமி பெயரை எடுத்துவிடுங்கள் என்று ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண் எந்த வாயால் சொல்வாள்? பரசுராமன் தப்பாக நினைக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நாக்கு எழவில்லை. அதனால் குறுக்கு வழி ஒன்று பிடித்தாள். ஜன்னலோர டெர்மினலா, அப்படியென்றால் பலராமன். கதவோரமா, சரசு. அவரவர் இடத்தில்தானே அவரவர் உட்காருகிறார்கள்.

இன்னொன்றும் செய்தாள். கையிலிருக்கும் பிரதியின் மேலேயே புதுப் பிரதியை எடுக்கட்டுமா என்று ‘எடு’ ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருந்தது. “இன்னாம்மா இது, டிக்கெட் வாங்கறவன்கிட்ட கண்டக்டர் ஆயிரம் கேள்வி கேட்ட மாதிரி” என்று பரசுராமன் அலுத்துக்கொண்டார். அவரவர் பொருளை அவரவர் மறுபடி எடுப்பதற்குக் கேள்வி எதற்கு என்று கைசரும் அந்த வரியை நீக்கிவிட்டாள்.

இன்று பலராமன் வேலூர் போயிருக்கிறான். கார்த்திகை தீபத்துக்கு ஒரு பஸ் கம்பெனி விடும் சிறப்பு வண்டிகளின் நேரத்தைப் போட்டுக் கொடுப்பது அவன் வேலை. நாளைக் காலையில் அந்த அட்டவணையை பஸ் ஸ்டாண்டில் ஒட்டியாக வேண்டும். கம்பெனிக்காரர்களிடம் கடைசியாக ஏதோ கேட்டுக்கொண்டு வரத்தான் போயிருக்கிறான். எழுதி முடித்தபிறகுதான் பெட்டியில் வைப்பான். அது அவன் வழக்கம். மூன்று ஃபைல்கள், பத்து நாள் உழைப்பு, பெட்டிக்கு வெளியே கிடக்கிறது. சரசுவோ சாயங்காலக் காபி குடித்ததும் எல்லா ஃபைல்களையும் ‘எடு’ போட்டு வெளியே கொண்டுவந்து அச்சடித்துப் பார்ப்பாள். அவள் இடத்திலிருந்து அதைச் செய்தால் பலராமனுடையதை ‘எடு’ தொடாமல் விட்டுவிடும். இன்று காலியாகக் கிடக்கும் ஜன்னலோரத்திலிருந்து செய்தால் அவளைப் பலராமன் என்றே எண்ணி, அவன் எழுதியதன் மேல் பெட்டியிலிருக்கும் பழையதைக் கொண்டுவந்து கொட்டும். ஒரு வார்த்தை கேட்காது.

கைசர் கை கழுவக்கூட மறந்து எழுந்தாள். அம்மா அஜ்மத் பேகம் பக்கத்தில் வந்து என்னவென்று கேட்டாள். உடனே ஆபீசுக்குப் போக வேண்டும் என்றாள் கைசர். அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டாயா என்று அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அதைப்போலத்தான் என்று கைசர் சொல்ல, அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் ஆண்கள் பக்கம் ஆளனுப்பித் தன் தம்பி அப்துல் ரசாக்கைக் கூப்பிட்டுவிட்டாள்.

மாமு வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிரியாணி இரண்டாவது சுற்று இன்னும் வரவில்லை, உன் மெஷின் அரை மணி பொறுக்காதா என்று முனகினாலும் குடையை விரித்தார். எதிரே வேர்க்கடலை மூட்டைகள் அடுக்கியிருந்த மல்லாட்டை மண்டியில் டெலிபோன் இருந்தது. ஆபீசில் டெலிபோன் கிடையாது. கீழே பாத்திரக் கடையில்தான். லைன் கிடைக்கவே நெடுநேரமாயிற்று. கிடைத்தபோது கடைக்காரர் கண்ணாயிரத்தின் குரலுக்குப் பின்னால் தவலைகள் மோதும் சத்தம்.

“அண்ணே, மாடியில சரசு இருப்பாங்க. பலராமன் இடத்துல உக்காந்து ‘எடு’ போட வேணாம்னு சொல்லிடுங்கண்ணே.”

“எதை எடுக்கக்கூடாது?”

“எதையுமே எடுக்கக்கூடாதுங்கண்ணே.”

“சரிம்மா, சொல்லிடறேன். கடையில கூட்டம் ஜாஸ்தி” என்று அவர் வைத்துவிட்டார். அந்தச் ‘சொல்லிடறேன்’ எப்படிப்பட்டது என்று கைசருக்குத் தெரியும். கீழே இறக்கி வைத்த சாமான் மாடிக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை.

பஸ் வந்தது. உட்கார இடம் கிடைத்தும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முள்ளில் உட்கார்ந்ததுபோல நெளிந்துவிட்டு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பக்தர்கள் மூட்டையும் பிள்ளையுமாக ஏறினார்கள். டிரைவர் எவனுக்காகவோ காத்திருந்தார். மேற்கே மலை கண்ணில் படவில்லை. இருந்த இடம் முழுவதும் கறுப்பாக மழை நின்றது. சரசு காபி குடித்திருப்பாளா? குடித்துவிட்டு யாரிடமாவது கதை பேசினால் நல்லது. சரசு கதை பேசாத நாள் உண்டா? ஆனால் மற்றவர்கள் தீபத்துக்கு லீவு போட்டிருக்க, இன்று பேசுவதற்கு யார் இருக்கிறார்கள், பரசுராமனைத் தவிர?

“நின்னா வண்டி வேகமாப் போவுமா?” என்றார் மாமு. “உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். அடுத்த நிறுத்தத்தில் மறுபடி எழுந்தாள்.

தீபக் கூட்டத்துக்காக வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து நடை. குடைகளும் பொரி மூட்டைகளும் பலூன்காரர்களுமாகத் தெரு அடைத்துக்கொண்டிருந்தது. யாரிடமும் வழி கேட்டுப் பழக்கமில்லாத கைசர், “கொஞ்சம் நவுருங்க, நவுருங்க” என்று சொல்லிக்கொண்டே புகுந்து போனாள். கல்யாணத்துக்கு உடுத்திய பட்டுப்புடவையின் கரை சேற்றில் புரண்டது. மாமு பின்னால் எங்கோ தங்கிவிட்டார். பாத்திரக் கடை வாசலில் கண்ணாயிரம் அவளைப் பார்த்து, “அட, இதோ மேல போலாம்னுதாம்மா எழுந்தேன்” என்றார்.

மாடிப்படியின் பாதியிலேயே பிரின்டர் ஓடும் சத்தம் கேட்டது.

கதவோர டெர்மினலுக்குப் பிளாஸ்டிக் உறை போர்த்தியிருந்தது. அதன்மேல் டப் டப்பென்று சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம், பலராமன் நாற்காலியில், சரசு காலை மடக்கி வசதியாக உட்கார்ந்திருந்தாள். திரையில் ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. கைசர் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். வரிகள் நின்றன.

“இன்னாடி, கல்யாணத்துல சோறு போடலியா? இப்படி ஓடியாற?” என்றாள் சரசு.

கைசர் நின்றபடியே பலராமனின் ஃபைல்களைத் திறந்து பார்த்தாள். வண்டிகளின் ஃபைல் அவன் எழுதியபடியே இருந்தது. ஊர்களின் ஃபைலும் இருந்தது. நேரங்களின் ஃபைலில் பத்து நாளுக்கு முந்தைய பழைய வரிகள் இருந்தன. அவன் எழுதிய ஒன்றுகூட அதில் இல்லை.

பரசுராமன் உள் அறையிலிருந்து வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். சரசுவுக்கு விஷயம் புரிந்து முகம் செத்துவிட்டது. நான் எப்பவும் செய்யறதைத்தான் செஞ்சேன், ஒழுவுதுன்னு இங்க வந்து உக்காந்தேன், சத்தியமா வேற ஒண்ணும் தொடலை என்று அழாத குறையாகச் சொன்னாள். பரசுராமன் அவளைத் திட்டத் தொடங்கினார். நாளைக் காலையில் பஸ் கம்பெனிக்காரன் வந்து நிற்பான், அவன் மூஞ்சியில் எதைக் காட்டுவது என்றார். அடுத்தவன் இடத்தில் போய் உட்காரும் புத்தி எங்கிருந்து வந்தது என்றார்.

கைசர் சரசுவைப் பார்த்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி சரசுவோடு போய்விடும். அடுத்த மழைக்கு இன்னொருத்தர் ஃபைல் போகும்.

“சரசு மேல தப்பில்ல சார். ‘யார்’னு ஒண்ணு எழுதினேன் இல்லீங்களா, அது ஆளைப் பாக்காது. நாற்காலியைத்தான் பாக்கும்.”

“ஏன் அப்படி எழுதினே?”

“உள்ள போறப்ப எல்லாரும் ஒரே பேருதானே சார். அதுக்கு வித்தியாசம் தெரியாது.” அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஆளுக்கொரு பேரு வேணும் சார்.”

பரசுராமன் சரசுவை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். பிறகு, “இது உனக்கு அப்பவே தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும் சார்.”

“தெரிஞ்சும் சொல்லல.”

அவள் முக்காட்டின் நுனியை விரலில் சுற்றினாள். அவர் அவளைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த அண்ணாமலையார் படத்தையும், அதற்கு அன்று காலை தானே போட்ட சாமந்தி மாலையையும் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது.

“சாமி கோவிச்சுக்கும்னு நெனச்சியா, நான் கோவிச்சுக்குவேன்னு நெனச்சியா?”

“தெரியல சார்.”

“கோயில்ல அர்ச்சனைக்கே பேரு நட்சத்திரம் கேட்டுட்டுத்தான் பண்றாங்க” என்று சரசு மூக்கை உறிஞ்சியபடி சொன்னாள். “பேரு சொல்லலைன்னா அய்யரே சும்மா விடறதில்ல.”

பரசுராமன் அவளை முறைத்தார். முறைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தனக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சொல்லை அடித்து மெஷினின் தலைமை இடத்துக்குள் போனார். பலராமன், சரசு, கைசர் என்று ஒவ்வொரு பெயராக ஏற்றினார். அண்ணாமலை என்ற பெயரை எடுக்கவில்லை. அது தனக்கு இருக்கட்டும் என்றார். கைசர் ‘யார்’ துண்டைத் திறந்து தான் எழுதிய நாற்காலிக் கணக்கு முழுவதையும் அழித்தாள். ஒரே வரி போதுமானதாக இருந்தது. நீக்கிய கேள்வியையும் ‘எடு’வில் திரும்பச் சேர்த்தாள். பரசுராமன் இந்தமுறை கண்டக்டரை இழுக்கவில்லை.

பலராமன் நனைந்த தலையோடு படியேறி வந்தான். சொல்ல வேண்டியதைக் கைசரே சொன்னாள். அவன் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, புதிதாகக் கொடுத்த தன் பெயரை அடித்து உள்ளே போனான். நேரங்களின் ஃபைலைத் திறந்து, மேலிருந்து கீழேவரை ஓட்டினான். மறுபடி மேலே போனான்.

“பேரு குடுத்துட்டீங்க. சரி. பத்து நாளு எழுதினது எங்க?”

அவன் கையைக் கோத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தான். எழுந்து போய்விடுவானோ என்று கைசர் பயந்தாள். அவன் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து வேலூரில் குறித்துக்கொண்டு வந்த துண்டுச் சீட்டை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்து, அடிக்கத் தொடங்கினான். கைசர் ஸ்டூலைப் போட்டு எட்டி உட்கார்ந்து, பழைய வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். இது இல்லை என்பான், மாற்றி அடிப்பான். செங்கம் வண்டிகள் முடிந்தன. போளூர் வண்டிகளும் முடிந்தன. அவளோடு வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

வேட்டவலம் வரிக்கு வந்ததும் அவன் விரல்கள் நின்றன. கண்ணை மூடிப் பார்த்தான். நெற்றியைத் தேய்த்தான்.

“திரும்பி வர்ற வண்டிங்க. கடைசி மூணு எப்பப்பன்னு போட்டிருந்தேன்? டிரைவருங்ககிட்டதான் கேட்டு எழுதினேன். சீட்டுகூட வெச்சுக்கல.”

சரசு பரசுராமனைப் பார்த்தாள். பரசுராமன் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஸ்டாண்டுல அந்த லைன் டிரைவருங்க இருப்பாங்க இல்ல?” என்றாள் கைசர்.

“இருப்பாங்க. டீக்கடை பக்கம் நிப்பாங்க, ஒரே கும்பலா. நீ போயி அவங்ககிட்ட கேப்பியா?”

அவன் குரலில் கிண்டல் இருந்ததா, இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. பரசுராமனின் குடை கதவு மூலையில் சாய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டாள். கீழே மாமு அப்போதுதான் வந்து சேர்ந்து, கடை வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வா என்று சொல்ல நிற்காமல் அவரைத் தாண்டிக் கூட்டத்துக்குள் இறங்கினாள்.