மூடினால் திறக்க வேண்டும்

என் மாமாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எனக்கு மட்டும் என்ன, அதே ரத்தம்தானே! அம்மாவின் கூடப்பிறந்த தம்பி அவர். எங்கள் ஆய்வகத்தின் தலைவர். என் முனைவர் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரேதான்.

கிராஃபீன் என்பது ஒரே ஓர் அணு கனமுள்ள கரிப்படலம். அதைத் தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறுகலான பட்டையாக வெட்டுவோம். அதற்கடியில் ‘கேட்’ என்றொரு மின்முனை, ஓட்டத்தைத் திறந்து மூடும் கதவு மாதிரி. கேட்டில் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால், பட்டையில் எலக்ட்ரான்களின் ஓட்டமும் கூடிக் குறையும். குறையுமே தவிர, நிற்காது. கிராஃபீன் அப்படியொரு அடங்காப்பிடாரி. அதை நிறுத்திக் காட்டத்தான் நான் வருஷக்கணக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று காலை நான் உள்ளே நுழைந்தபோது மாமா குதித்துக்கொண்டிருந்தார்.

“நின்னுடுச்சு! பாரு, சுத்தமா பூஜ்யம்! மத்தியானம் நிதிக் குழுவுல இருந்து வர்றவங்ககிட்ட இதைக் காட்டினா போதும், புது ஆய்வகமே கொடுத்துடுவாங்க!”

திரையைப் பார்த்தேன். சீராக இறங்கிவந்த கோடு பாதியில் தொப்பென்று விழுந்திருந்தது. பிறகு மாமாவைப் பார்த்தேன். உடம்பில் கம்பளிச் சட்டை. மணிக்கட்டில் ரிஸ்ட் ஸ்ட்ராப் இல்லை. கம்பளி உரசி உடம்பில் சேரும் மின்சாரத்தைத் தரைக்கு அனுப்புவது அதுதான். அதை மாட்டாமல் அளக்கும் ஊசியைத் தொட்டால் பட்டை அந்த நொடியே கருகி அறுந்து, ஓட்டம் பூஜ்யமாகிவிடும். முதல் நாள் வருகிறவனுக்கே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. அவசரக்குடுக்கை மாமா!

“மறுபடி ஓட விடுங்க மாமா.”

“எதுக்கு?”

“மூடினது நிஜம்னா திறக்கணும்ல?”

அவர் முகம் சுண்டிப்போனது. அவருக்கும் புரிந்துவிட்டது.

“வாயை மூடிக்கிட்டு இரு. உன் பேரும்தான் இதுல வருது.”

கொஞ்ச நேரத்தில், மாமா சொல்லிவிட்டு, அம்மா போனில் வந்தாள். “மாமா சொல்றதுக்குத் தலையாட்டினா உனக்கு என்னடி குறைஞ்சு போயிடும்?”

“மானம் போயிடும்மா,” என்றேன். இத்தனை வருஷ உழைப்பு ஒரு கருகின பட்டையில் போய் முடியவா?

மத்தியானம் மூன்று பேர் வந்தார்கள். திரையில் விழுந்திருந்த கோட்டைக் காட்டி மாமா தேன் ஒழுகப் பேசினார். வந்தவர்களில் மூத்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “திரும்ப ஓடுதா?” என்றார்.

“அது வந்து... கொஞ்சம் ஆறட்டும், நாளைக்கு...” என்று இழுத்தார் மாமா.

“ஓடாதுங்க,” என்றேன். “அது நிக்கல, செத்துப்போச்சு. நாங்கதான் கருக்கிட்டோம்.”

நான் ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, அதே சிப்பில் இருந்த அடுத்த பட்டையில் ஊசியை இறக்கினேன். கேட் அழுத்தத்தைக் குறைத்தேன். ஓட்டம் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. அதற்குக் கீழே போக மறுத்தது. கூட்டினேன். ஏறத் தொடங்கியது.

“எங்களால முடிஞ்சது இவ்வளவுதாங்க. நிறுத்த முடியல. ஆனா இறங்குன்னா இறங்குது, ஏறுன்னா ஏறுது. இது நிஜம்.”

“எழுந்து வெளியே போடி,” என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு. “உனக்குப் பட்டம் எப்படி வருதுன்னு நானும் பார்க்கிறேன்.”

பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். திரையில் கோடு மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது.

“இன்னும் அளந்து முடியல மாமா,” என்றேன். எழுந்திருக்கவில்லை.