கடுகில் பாதிச் சிலந்தி

ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் சல்லடை. காட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் சருகைச் சலித்து, உதிர்வதை வெள்ளைத் தட்டில் கொட்டி, அதில் ஓடுகிறவற்றை ஈரத் தூரிகை நுனியால் எடுப்பது என் வேலை. பதினொரு வருஷமாக என் கண்ணுக்குத் தப்பி எதுவும் ஓடியதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் கிடையாது.

கடுகில் பாதிகூடத் தேறாத அந்தச் சிலந்தியை முதலில் பார்த்தவளும் நான்தான். ஆறு கண், முதுகில் ஆரஞ்சு நிற ஓடு. "மேடம், இது நம்மகிட்ட இருக்கற எதோடயும் ஒத்துப்போகல," என்றேன். சிலந்தி ஆய்வாளரான மேடம் ஒரு வாரம் நுண்நோக்கியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு, இது புதிய இனம் என்று கட்டுரை எழுதி, எழுதியவர்கள் வரிசையில் என் பெயரையும் சேர்த்து அனுப்பினார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. கட்டுரையை மதிப்பிட்ட யாரோ ஒரு மகராசன் எழுதியிருந்தார்: ஆண் கிடைக்கவில்லை, பெண்ணின் வயிற்றடியில் வயதுக்கு வந்த அடையாளமும் தெரியவில்லை, ஆகவே இவை ஏற்கெனவே தெரிந்த இனத்தின் குட்டிகள். குட்டியை வைத்துப் புதிய இனம் என்று சொன்னால் எங்கள் தொழிலில் சிரிப்பார்கள்.

மேடத்தின் முகம் செத்துவிட்டது. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆதாரம் காட்டலேன்னா வாபஸ் வாங்கிடலாம்."

"யாரைப் பார்த்துக் குட்டிங்கறாரு? இந்த வகையில சிலதுக்கு அடையாளம் வெளிய தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். நிரூபிக்கணுமே!"

உயிரோடு மூன்று இருந்தன. கண்ணெதிரிலேயே இருக்கட்டும் என்று, அடியில் ஈரச் சாந்து பூசிய டப்பாக்களில் அவற்றை வீட்டுக்கே கொண்டுவந்தேன். பஸ் ஓட்டும் என் வீட்டுக்காரருக்குக் கிண்டல் தாங்கவில்லை. "ஒரு நாளாவது என்னை இப்படிக் கவனிச்சிருக்கியா?"

"உங்களுக்கு ரெண்டு காலு. அதுக்கு எட்டு," என்றேன்.

புதன்கிழமைக்குள் இரண்டு செத்துப்போயின. வியாழன் காலை, மிஞ்சியவளின் டப்பா மூலையில் பஞ்சுபோல ஒரு வெள்ளைப் புள்ளி. பூஞ்சைதான், வேறென்ன! பூஞ்சை வந்தால் டப்பாவே நாசம். பார்த்த உடனே துடைப்பது எங்கள் கையில் ஊறிய பழக்கம். தூரிகையை நனைத்து நீட்டினேன்.

தூரிகையின் நிழல் பட்டாலே ஓடுகிறவள், அன்று ஓடிவந்து அந்தப் புள்ளியின்மேல் ஏறி நின்றாள். "தள்ளிப் போடி," என்று ஒதுக்கினேன். மறுபடி வந்தாள். எனக்கு எரிச்சல். மூன்றாம் தடவை ஒதுக்கும்போது, "அது உசிரே போனாலும் நகராது போல, விடேன்," என்றார் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர்.

எனக்குத் திக்கென்றது. பூஞ்சைக்கு யாராவது காவல் நிற்பார்களா? உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். மெல்லிய நூல் கூடு. உள்ளே உருண்டையாக இரண்டு.

"ஏங்க! இவ முட்டை போட்டிருக்கா!"

துடைத்தே விட்டிருப்பேன், பாவி நான். ஆய்வுக்கூடம் வரைக்கும் அவர் இரண்டு கையாலும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். இவ்வளவு பதமாக அவர் பஸ்ஸைக்கூட ஓட்டியதில்லை.

மேடம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் கணினி முன் உட்கார்ந்து, "நீங்களே சொல்லுங்க, நான் டைப் பண்றேன்," என்றார்.

"எழுதுங்க மேடம். பிள்ளை பெத்தவளைக் குட்டின்னு சொல்லாதீங்க."

மேடம் சிரித்துக்கொண்டே அதை மரியாதையாக எழுதி, படத்தையும் சேர்த்து அனுப்பினார். ஒன்பதாம் நாள் அந்த மகராசன் தன் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கினார்.

அச்சில் வந்த கட்டுரையில் என் பெயர்தான் முதலில் இருந்தது. "தப்பா வந்திருக்கு மேடம், உங்க பேரு கீழ போயிடுச்சு," என்றேன்.

"நான்தான் மாத்தினேன்," என்றார் மேடம். "நான் வாபஸ் வாங்கப் பார்த்தேன். நீங்க விடல."