ஃப்ளஷ் டேங்கில் தொட்டாச்சிணுங்கி

அண்ணன் பிளம்பர். எந்த வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அடைத்துவிடுவார், தன் வாயை மட்டும் அவரால் அடைக்க முடிந்ததில்லை. அந்த வாயால்தான் தங்கச்சி அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தாள்.

தங்கச்சிக்குத் தையல் கடை. ஒருநாள் யாருடைய சட்டைக் கையையோ ஓர் அங்குலம் குறைத்து வெட்டிவிட்டுக் கண் கலங்க நின்றாள். கடையில் நாலு வாடிக்கையாளர்கள். அப்போது பார்த்து உள்ளே நுழைந்த அண்ணன், "ஆரம்பிச்சுட்டா நம்ம தொட்டாச்சிணுங்கி!" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது அவர் வைத்த பெயர்தான். ஆனால் அன்றோடு அவள் அவர் வீட்டுப் படி ஏறவில்லை, போனையும் எடுக்கவில்லை.

"போய் மன்னிப்புக் கேட்டா உங்க கிரீடமா இறங்கிடும்?" என்றாள் மனைவி.

கேட்கிற ஆளா அவர்? அவருக்கு வேறு யோசனை. தெருக்கோடி பம்ப் அறைக்குப் பின்னால் தொட்டாச்சிணுங்கி காடாய்ப் படர்ந்து, பஞ்சு உருண்டைபோல் இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் கிடந்தது. அதையே வளர்த்துக் கொண்டுபோய் நீட்டினால் தங்கச்சி சிரித்துவிடுவாளாம். என்ன மூளையோ!

காய்ந்த காய்களிலிருந்து விதை எடுத்தார். மேல்தோல் கெட்டி என்பதால் வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தார். உடைந்த ஃப்ளஷ் டேங்கில் மண் நிரப்பி, விதையைத் தூவி, மேலே மெல்லிசாக மண் தூவி, மொட்டைமாடி வெயிலில் வைத்தார். பத்து நாளில் முளைத்தது. இலை விட்டதும் ஒன்றைத் தொட்டார். கூப்பிய கைபோல் மூடிக்கொண்டது. மனுஷனுக்கு ஒரே குஷி.

அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது ஒரு தட்டு, வந்ததும் ஒரு தட்டு, பல் தேய்க்கும்போது இரண்டு தட்டு. மூன்று மாதமாகியும் செடி நோஞ்சானாகவே நின்றது. டேங்குக்கு வெளியே சிதறிய ஒரு விதை மட்டும் மாடியில் அடுக்கியிருந்த பழைய குழாய்களுக்கு இடையில், அவர் விரல் எட்டாத இடத்தில் சேர்ந்திருந்த மண்ணில் முளைத்து, தளதளவென்று மொட்டு விட்டிருந்தது.

நர்சரியில் சொட்டு நீர்க் குழாய் மாட்டப் போன இடத்தில் இதைச் சொல்லிப் புலம்பினார். நர்சரிக்காரர் நிமிரக்கூட இல்லை. "சும்மா சும்மா சீண்டுனா எப்படிண்ணே வளரும்? மூடி மூடி விரியுறதுக்கே அதோட தெம்பு போயிடுமே."

அண்ணன் கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றார். ஆறு வயதிலிருந்து எத்தனை தடவை அந்தப் பெயரைச் சொல்லிச் சீண்டியிருப்பார்! வெட்கமாக இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

ஒரு மாதம் செடிப்பக்கம் விரலை நீட்டவில்லை. அது தேறியது, முதல் மொட்டும் வந்தது. டேங்கைத் தூக்கிக்கொண்டு தையல் கடைக்குப் போனார். வழியெல்லாம் அது மூடிக்கொண்டே வந்தது.

தங்கச்சி பார்த்தாள். முகம் சிவந்தது. "இதைக் காட்டி இன்னொரு தடவை சிரிக்கத்தான் வந்தியாண்ணே?"

"இல்லம்மா. நான் தொட்டுத் தொட்டே இது வளராம கிடந்துச்சு. கையை எடுத்தேன், மொட்டு விட்டிருக்கு. அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிச் சொன்னது தப்பு."

அவள் எழுந்து வந்தாள். டேங்கை ஜன்னலோரம் நகர்த்தி வைத்தாள். தையல் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அண்ணன் செருப்பை மாட்டினார்.

"சரி, வரட்டுமா தொட்டா…"

பழக்க தோஷம். மீதியை எச்சிலோடு விழுங்கினார். மெஷின் நின்றது. ஜன்னலோரத்தில் இலைகள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன.

"வரேம்மா" என்றார்.

"உட்காருண்ணே. டீ சொல்றேன்."