ஐந்தாம் எண் யாருடைய ரத்தம்?

எங்கள் ஆய்வகத்து டிரைவர் அண்ணனுக்கு இப்போதெல்லாம் வாய் அடங்குவதே இல்லை. அடங்கவும் வேண்டாம். நான் உயிரோடு குதித்துக்கொண்டிருக்கிறேன், மனுஷன் என்ன வேண்டுமானாலும் பேசட்டும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ரத்தத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. கட்டி இருந்தால் அதன் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும். அவற்றின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக்குறிகள், இருக்கக் கூடாத இடத்தில் ஒட்டியிருக்கும். அதை மெஷின் திரையில் கோடாக ஏற்றிக் காட்டும். புது மெஷினை ஓட்டிப் பார்க்க, நோயில்லாத எட்டுப் பேர் ரத்தம் வேண்டுமென்று ஆய்வகத் தலைவி பெரிய மேடம் எங்களிடமே எடுத்தார். குழாயில் பெயர் கிடையாது, வெறும் எண்தான். எந்த எண் யாருடையது என்று எழுதி, உறையில் போட்டுப் பூட்டிவிட்டு மாநாட்டுக்குப் போய்விட்டார்; திரும்புவது திங்கட்கிழமைதான்.

வெள்ளிக்கிழமை மெஷின் முடித்தது. ஏழு கோடுகள் தரையோடு படுத்திருந்தன. ஐந்தாம் எண் மட்டும் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறியிருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே! பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான், ஆறு வருஷமாக டாக்டருக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் எண் நான்தான், சந்தேகமே இல்லை.

"திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்கக் கூடாதா?" என்றார் கணவர் போனில்.

"உங்களுக்கென்ன, கர்ப்பப்பையா இருக்கு பயப்பட?" என்று எரிந்து விழுந்துவிட்டு, அன்று மதியமே பக்கத்துக் கட்டிடத்து மகளிர் டாக்டரிடம் ஓடினேன். பார்த்தார், முகம் சுருக்கினார், துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

திங்கட்கிழமை பெரிய மேடம் உறையைப் பிரித்தார். ஐந்து: டிரைவர்.

அந்த முறுக்கு மீசைக்காரர்!

"ஒரு ஆள் குறைஞ்சுது. மெஷின் ஓடுதான்னு பாக்கத்தானே, யார் ரத்தமா இருந்தா என்ன?" என்றார் மேடம்.

மறுபடி ஓட்டினார். ஐந்தாம் கோடும் படுத்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கவென்றே முழுக்க மெத்தில் ஏற்றி வைத்திருக்கும் டிஎன்ஏவைத் தொட்ட பிப்பெட்டின், அதுதான் சொட்டு உறிஞ்சும் குழலின், முனையை மாற்றாமல் மெஷின் தட்டின் ஐந்தாம் குழியில் விட்டது சாட்சாத் நானேதான். கவனக்குறைவு என்று இனி யாரைத் திட்டுவேன்! அன்றைக்கு ஆய்வகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதிலும் டிரைவர் அண்ணன் பெரிய மேடத்திடம், "எனக்கு ஸ்கேன் எடுக்கணுமா மேடம்?" என்று கேட்டுக் கேட்டுக் கொன்றார்.

வியாழக்கிழமை மகளிர் டாக்டர் கூப்பிட்டார்.

"பயப்படாதீங்க, புத்துநோய் இல்ல. ஆனா அதுக்கு முந்தின படி. அந்த இடத்த மட்டும் எடுத்துட்டாப் போதும். இன்னும் சில வருஷம் விட்டிருந்தீங்கன்னா, என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

என் எண் இரண்டு. தரையோடு படுத்திருந்த கோடு. அவ்வளவு சின்னது எங்கள் மெஷின் கண்ணுக்கு இன்னும் படாது.

எடுப்பதற்கு இருபதே நிமிஷம். நேற்று முடிவு வந்தது: ஓரமெல்லாம் சுத்தம், ஒன்றும் மிச்சமில்லை. காகிதத்தை ஆட்டிக்கொண்டு, பைத்தியம் மாதிரி வாசலுக்கு ஓடினேன். வண்டி துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன் விஷயத்தைக் கேட்டு மீசையை நீவினார்.

"பாத்தியா தங்கச்சி? என் கர்ப்பப்பைதான் உன் உயிரைக் காப்பாத்தியிருக்கு!"

"அது நூறு வருஷம் நல்லா இருக்கணும் அண்ணே!" என்றேன், சிரிப்பும் அழுகையுமாக.