கொதிக்கிற சட்டியில் ஒரே ஒரு பழம்

மூட்டை தூக்கிப் பழகின மனுஷன். எதைப் பார்த்தாலும் இத்தனை கிலோ இருக்கும் என்று கண்ணாலேயே எடை போட்டுவிடுவார். அந்தப் பழத்துக்கு மட்டும் அவர் கண்ணில் எடை அகப்படவில்லை.

மாடி மூலையில், தகர டிரம்மில் நின்றது எலுமிச்சை. அவர் மனைவி பிழிந்தெறிந்த விதை ஒன்றை ஊன்றி வைத்து ஏழு வருஷம். ஆறு வருஷமும் முள்தான். "அண்ணே, முள்ளு அமோகமா விளையுதே, கிலோ என்ன விலை?" என்பார் பக்கத்து வீட்டுத் தையல்காரர். யாரோ சொன்னார்கள் என்று இவர் இருபது நாள் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டார். இலை சுருண்ட அன்றைக்கு ரெண்டு வாளி ஊற்றினார். அடுத்த பதினைந்தாம் நாள் வெள்ளையாய்ப் பூ. உதிர்ந்தது போக ஒரே ஒரு காய் நின்று மஞ்சளானது. சொட்டுத் தண்ணீருக்கும் தகரத்து மண்ணுக்கும் இந்த நிறத்தை யார் கொடுத்தது என்று தினமும் பார்த்து நிற்பார்.

அவர் மனைவி பட்டறைக் கேண்டீனில் அறுபது பேருக்குச் சமைக்கிறவள். வாசலில் நின்றே, ஆவியை வைத்து உப்பு பத்தலை என்று சொல்லுவாள். ரெண்டு மாசத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் நாக்கையும் மூக்கையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. போன வாரம் ஒரே சட்டியில் ரெண்டு தரம் உப்புப் போட்டாள்.

கேண்டீன்காரர் நல்ல மனுஷர்தான். "அக்கா, திங்கட்கிழமை வரைக்கும் பாருங்க. நாக்கு திரும்பலேன்னா பாத்திரம் கழுவுற பக்கம் வந்துடுங்க. சம்பளம் அதேதான்" என்றார்.

சம்பளம் அதேதான். ஆனால் கரண்டி கையில் இருக்காது. அன்றிலிருந்து அவள் சரியாகப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் துணி துவைக்கப் போன நேரம், இவர் காய்கறி சூப் வைத்தார். பழத்தைப் பறித்து, அறுத்து, தளதளவென்று கொதிக்கும்போதே பிழிந்தார். சூட்டில்தான் சாறு இறங்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு. மூட்டை பிடிக்கிற கை அல்லவா, தோல் துவண்டு விழும்வரை விடவில்லை. விதையோடு இன்னும் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டார்.

இப்போதெல்லாம் அவள் சாப்பிடுவது மருந்து விழுங்குகிற மாதிரி. முதல் வாய், இரண்டாம் வாய். மூன்றாவதில் முகம் சுளித்தது.

"அடுப்புல இருக்கும்போதா பிழிஞ்சீங்க?"

"ஆமா."

"இறக்கி வெச்சு, ஆவி அடங்கினப்புறம்தானே பிழியணும். இத்தனை வருஷம் பக்கத்துலயே நின்னு என்னத்தைத்தான் பாத்தீங்க? கசக்குது."

"இருந்ததே ஒரு பழம், அதையும் கெடுத்து…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். "இப்ப என்ன சொன்னே?"

அவள் இன்னொரு கரண்டி குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு நாக்கை அண்ணத்தில் மெல்லத் தேய்த்துப் பார்த்தாள்.

"கசக்குது" என்றாள் மெதுவாக. "அடியில புளிப்பும் இருக்கு. உப்புக் கம்மி."

பிழிந்த தோலை எடுத்து முகர்ந்தாள்.

"வாசனை இன்னும் வரலை. பரவாயில்ல, அது பின்னாடி வரட்டும்."

அவர் சட்டியில் விரல் தொட்டு நக்கிப் பார்த்தார். வேப்பங்கொழுந்து தோற்றது. அந்தச் சூப்பை அவள் அவருக்கு ஒரு வாய்கூட வைக்காமல் குடித்தாள், விதைகளை மட்டும் தட்டோரமாக ஒதுக்கி வைத்தாள்.

"வெந்த விதை முளைக்காது" என்றார் அவர்.

"தெரியும். சும்மா இருக்கட்டும்" என்றவள், எழுந்து போய்த் தன் கேண்டீன் கரண்டியைத் தேய்க்க உட்கார்ந்தாள்.