புதுச் சட்டியில் கோழி

பிலார் மாதா திருவிழாவன்று ரெமெடியோஸ் அக்கா, தெருவின் ஒரே முஸ்லிம் பெண்ணான நுர்ஹைனாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து விருந்தில் உட்கார வைத்தாள்.

"உனக்குன்னே புதுச் சட்டி வாங்கினேன்டி. கோழிகூட உங்க ஆளுங்க கடையில அறுத்ததுதான். இந்த வருஷம் வெறும் பழத்தைத் தின்னுட்டுத் தப்பிக்க முடியாது!"

நுர்ஹைனாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அக்காவோ பன்றிக்கறியைப் பரிமாறிய கரண்டியாலேயே கோழியை அள்ளி அவள் தட்டில் வைத்தாள்.

சொன்னால் அக்காவின் முகம் வாடும். சொல்லாவிட்டால் அடுத்த வருடமும் இதே கதைதான். ஒருத்தியின் நல்ல மனதுக்கு எத்தனை காலம் பயப்படுவது?

"அக்கா, அந்தக் கரண்டி..."

"கரண்டிக்குமாடி தடை?"

மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நுர்ஹைனா தட்டைத் தள்ளி வைத்தாள். சிரிப்பு நின்றது.